தானா அடிக்கும் அலாரம்

பேட்டரி தண்ணீர் குடிக்கும் என்பது கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்து, கோட்டுக்குக் கீழே போயிருந்தால் பேட்டரித் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டு மறந்துபோகலாம். ராஜவேலின் பேட்டரி தினமும் குடித்தது. திங்கள்கிழமை ஊற்றினால் செவ்வாய்க்கிழமை ஆறு அறையும் காய்ந்து கிடக்கும். கீழே ஒழுகின ஈரம் இல்லை, ஆசிட் வாடை இல்லை, பேட்டரியின் உடம்பில் ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் இருந்த வைப்பர் தண்ணி டப்பாவும் காலி. ரேடியேட்டர் டப்பாவில் மட்டும் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. அதில் பச்சை மருந்து கலந்திருந்ததால், வாய் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"வெயிலு அப்படி" என்று ராஜவேல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த மே மாதம் அரியலூரில் அந்த இரண்டு வார்த்தையில் அடங்காத சங்கதியே கிடையாது.

வீடு ஊருக்கு வெளியே, சிமெண்டு லாரிகள் போகிற ரோட்டை ஒட்டி இருந்தது. வாசலில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் நிறுத்தினால் காக்கை எச்சமிடும் என்று காரை எப்போதும் வெட்டவெளியில், வெயிலில்தான் விடுவான். காலையில் துடைத்தால் மத்தியானத்துக்குள் காரின்மேல் விபூதி பூசினாற்போல் வெள்ளைத் தூசு படிந்துவிடும்.

அந்தத் தூசில்தான் அவன் இரண்டாவது விஷயத்தைக் கவனித்தான். தினமும் காலையில் பின்பக்க இடது கதவு, பூட்டினது பூட்டினபடி இல்லாமல், நாலு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. வெளியே தூசில் கைபட்ட அடையாளம் இல்லை. உள்ளிருந்து தள்ளினால் எப்படித் திறந்திருக்குமோ அப்படி.

சிந்தாமணி அத்தை உட்கார்ந்து வந்த பக்கம் அது.

அத்தை செத்து முப்பத்து நாலு நாள் ஆகியிருந்தது. ராஜவேலின் அப்பாவுக்குத் தங்கை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பெரம்பலூர் பக்கம் மூன்று ஏக்கர் நிலம் மட்டும் அவள் பேரில் இருந்தது. பத்திர ஆபீசுக்குப் போய்விட்டு வந்த களைப்பில், வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தவள் அப்படியே போய்விட்டாள் என்பது ஊருக்குத் தெரிந்த கதை. அன்றைக்கு அவன் பெண்சாதி நர்மதா ஜெயங்கொண்டத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். ஆகவே அந்தக் கதைக்கு ராஜவேல் ஒருவன்தான் சாட்சி. நிலம் முழுக்க ராஜவேல் பேருக்கு மாறியிருந்தது என்பது கருமாதி அன்று தெரியவந்தது. பங்காளி மணிமாறன் பந்தலிலேயே சண்டைக்கு வந்தான்.

"ஆளுக்குப் பாதின்னு அத்தை எங்கிட்டயே சொல்லிச்சு. நீ என்னமோ பண்ணியிருக்கே. என்னான்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டு இலையில் கை வைக்காமல் எழுந்து போனான்.

கதவைத் திறப்பது மணிமாறன்தான் என்று ராஜவேல் முடிவு செய்தான். முடிவு செய்தது நிம்மதியாகக்கூட இருந்தது. கையும் களவுமாகப் பிடிக்க, ஆன்லைனில் ஒரு கார் அலாரம் வரவழைத்தான்.

பெரம்பலூர் நான்கு ரோட்டில் அவனுக்குத் தெரிந்த ஜெயப்பிரகாஷ் என்ற எலக்ட்ரீஷியன் இருந்தார். ஒரு மணி நேர வேலை. ஆனால் ராஜவேல் அவரைக் கூப்பிடவில்லை. காரணம் பின்பக்கக் கண்ணாடி. அதன் உட்புறம் நீல மையில் கட்டைவிரல் ரேகைகள் இருந்தன. ஒன்றிரண்டு இல்லை, முப்பதுக்கு மேல். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான், போயிற்று. காய்ந்ததும் வந்தது. கடைசியில் முன் கண்ணாடி உட்பட எல்லாக் கண்ணாடிக்கும் உள்ளே கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிட்டான். அதற்குப் பிறகு வெளியிலிருந்து பார்த்தால் காருக்குள் யார் இருந்தாலும் தெரியாது.

அப்படியும் வேறொருத்தரைக் காருக்குள் விட மனம் வரவில்லை. தானே மாட்டினான். வீடியோவில் ஒருத்தன் சிரித்த முகமாகச் சொல்லிக் கொடுத்தான். சிவப்பு ஒயர் பேட்டரிக்கு. மஞ்சள் சென்ட்ரல் லாக்குக்கு. பச்சை ஹார்னுக்கு. கறுப்பு எர்த், அதை பாடியோடு ஒட்டின எந்தப் போல்ட்டில் வேண்டுமானாலும் முடுக்கலாம். மணிமாறன் கண்ணில் படக்கூடாது என்று பெட்டியைப் பின் சீட்டுக்கு அடியில் ஒளித்து, கறுப்பு ஒயரை அந்தச் சீட்டைப் பிடித்திருந்த போல்ட்டிலேயே சுற்றி முடுக்கினான். சீட்டைத் தூக்கியபோது தைல வாசனை அடித்தது. மூட்டு வலிக்கு அத்தை தேய்த்துக்கொள்கிற தைலம். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போல்ட்டை முடுக்கி, சீட்டை அமுக்கி மூடினான்.

மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு பத்துக்கு அலாரம் அடித்தது.

அடித்தது அலாரமே இல்லை என்று முதலில் அவனுக்கு உறைக்கவில்லை. அலாரத்தின் சத்தம் கீச்சுக்குரல், பெட்டியோடு வந்த சைரன். இது காரின் சொந்த ஹார்ன். சின்னதாக ஒன்று. சின்னதாக இன்னொன்று. பிறகு நீளமாக, கையை எடுக்க மறந்த மாதிரி, நீளமாக ஒன்று. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி அதேபோல். ராஜவேல் சோற்றைப் பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தான். முதுகில் வேர்வை வழிந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"ஏங்க, போயி நிறுத்துங்க" என்றாள் நர்மதா.

போனான். காரைச் சுற்றி ஒருவரும் இல்லை. ரிமோட்டை அழுத்தினான், நிற்கவில்லை. இரண்டு மணிக்குச் சரியாகத் தானே நின்றது.

அடுத்த வீட்டு வைரக்கண்ணு சித்தப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிமெண்டு லாரி ஓட்டி ரிட்டயரான ஆள்.

"என்ன தம்பி, காரு வயசுக்கு வந்துடுச்சா? கூவிக்கிட்டே இருக்கு."

"அலாரம் சித்தப்பா. புதுசு."

"திருடன் வந்தா அடிக்கிறது அலாரம். இது வூட்டுக்காரன் சாப்புட உக்காந்தா அடிக்குது."

இரண்டாம் நாள் அதிர்வு சென்சாரின் திருகாணியைக் கடைசிவரை தளர்த்தினான். லாரி அதிர்வுக்கு அடிக்கிறது என்று கணக்கு. பன்னிரண்டு பத்துக்கு அடித்தது. மூன்றாம் நாள் அலாரம் பெட்டியின் செருகியையே பிடுங்கினான். அடித்தது. நாலாம் நாள் ஹார்ன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காரின் முன்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு பத்து. சின்னதாக ஒன்று. சின்னதாக ஒன்று. ஃபியூஸ் இல்லாத ஹார்ன் அவன் முகத்துக்கு நேரே நீளமாக அலறியது. பையிலிருந்த ஃபியூஸ் மட்டும் கொஞ்சம் சூடாக இருந்தது.

ஊர் பழகிக்கொண்டது. முதல் நாள் ஓடிவந்து பார்த்தவர்கள் ஐந்தாம் நாள் தலையைத் திருப்பவில்லை. வைரக்கண்ணு சித்தப்பா அதை வைத்து மத்தியான மாத்திரை போட ஆரம்பித்தார். "ராசவேலு காரு அடிச்சாச்சு, தண்ணி கொண்டா" என்று மருமகளுக்குக் குரல் கொடுப்பார்.

ஐந்தாம் நாள் மாலை நர்மதா ஒரு பேச்சுக்குச் சொல்வது போல் சொன்னாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அத்தை கட்டிலுக்குப் பக்கத்துல வெளக்கும் செம்புத் தண்ணியும் வச்சோமே. பதினாறு நாளும் ஊத்துன தண்ணி ஊத்துன மாதிரியே இருந்துச்சு. ஒரு சொட்டுக் குறையல. எங்க வூட்டுல அப்பா போனப்ப, விடிஞ்சா ரெண்டு விரக்கட எறங்கியிருக்கும்."

"வெயிலுக்கு ஆவியாவறதுதான் அது."

"அந்த வெயிலு இங்க அடிக்கலியா?"

உயிர் பிரிந்த இடத்தில்தான் விளக்கும் தண்ணீரும் வைக்க வேண்டும். போன உயிர் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டே நிற்கும், தாகம் எடுக்கும், குடித்துவிட்டுப் போகும். இது தெரியாத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை. ராஜவேலுக்கும் தெரியும். தெரிந்தேதான் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னான். காருக்குள் செம்பு வைத்தால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள் அல்லவா?

அவன் எழுந்து வெளியே போய் ஜெயப்பிரகாஷுக்கு ஃபோன் போட்டான்.

"எர்த்து கோளாறுண்ணே" என்றார் ஜெயப்பிரகாஷ், முழுக்கக் கேட்காமலே. "எர்த்து சரியாப் புடிக்கலன்னா கரண்டு திரும்பி வர வழி தெரியாம கண்ட கண்ட ஒயர்ல புகுந்து வரும். ஹார்ன் அடிக்கும், லாக் விழும், பேட்டரி சூடாகி தண்ணிய குடிச்சுப்புடும். எர்த்த எங்க குடுத்தீங்க?"

"பின் சீட்டு போல்ட்டுல."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"அங்கதான் இருக்கு எல்லாம். நான் வேணா நாளைக்கு வரட்டுமா?"

"வேணாம். சொல்லுங்க, நானே பண்ணிக்கறேன்."

"பேட்டரியக் கழட்டி வெளிய வச்சுடுங்க. சீட்டத் தூக்கி, அந்த போல்ட்ட எடுத்து, அடியில இருக்கற பெயிண்ட நல்லாச் சொரண்டிட்டு மறுபடி முடுக்குங்க. பேட்டரி இல்லாம எதுவும் அடிக்காது. பயப்படாம செய்யுங்க. அப்பவும் அடிச்சுதுன்னா எனக்கு ஒரு ஃபோன் போடுங்க, மாலையோட வரேன்." சிரித்தார்.

கரண்டு திரும்பி வர வழி தெரியாமல் என்று அவர் சொன்னது ராத்திரி முழுக்க ராஜவேலின் காதில் இருந்தது. தூக்கம் வராமல் கிடந்தவனுக்கு, அத்தையைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போன அந்த வியாழக்கிழமை, நினைக்காமலே, ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது.

அத்தை விரல் ரேகை வைத்து முடித்துப் படி இறங்கும்போது, பத்திரம் எழுதுகிறவர் பேச்சுவாக்கில் சொன்னார், "எல்லாத்தையும் ராஜவேலுக்கே குடுத்துட்டீங்க, நல்ல மனசும்மா." காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அத்தைக்கு அது உறைத்தது.

"ஏண்டா ராசவேலு, மாறனுக்கு இல்லியாடா? பாதிப் பாதின்னுதான எழுதச் சொன்னேன்? எறக்கி விடு. நான் ஆபீசர்ட்ட போயி சொல்லிப்புடறேன்."

"உக்காருங்க அத்தை. வெயிலு. நான் போயி கேட்டுட்டு வந்து கூட்டிப்போறேன்."

"தண்ணி வச்சிருக்கியாடா?"

"வாங்கிட்டு வரேன்."

கதவைச் சாத்தினான். பின் கதவில் உள்ளிருந்து திறக்க முடியாதபடி குழந்தைகளுக்கான பூட்டு போட்டிருந்தது. ஜன்னலுக்கு வெயில் மறைப்பு. ரிமோட்டை அழுத்தினான். டக். அவன் கொல்ல நினைக்கவில்லை. ஆபீசர் சாப்பிடப் போகிற வரைக்கும், அவ்வளவுதான். எதிரே வேப்பமர நிழலில் ஒரு சர்பத் கடை. நன்னாரி சர்பத், ஐஸ் போட்டு. பன்னிரண்டு பத்துக்கு ஹார்ன் அடித்தது. முன் சீட்டுகளுக்கு நடுவே கையை நீட்டி எட்டியிருக்கிறாள் போல. சின்னதாக ஒன்று, சின்னதாக ஒன்று, நீளமாக ஒன்று.

"உங்க வண்டிங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க. அலாரம் கோளாறு. தானா அடிக்கும்."

அன்றைக்கு அந்தக் காரில் அலாரமே இல்லை.

ராஜவேல் இன்னொரு சர்பத் வாங்கி, அவசரப்படாமல், மடக்கு மடக்காகக் குடித்தான். இரண்டு மணிக்கு ஹார்ன் நின்றது. அப்பாடா என்றுகூட இருந்தது.

மறுநாள் பதினொன்றரைக்கே வேலையைத் தொடங்கினான். பேட்டரியைக் கழற்றினான். நல்ல கனம். தண்ணீரே இல்லாத பேட்டரி அவ்வளவு கனக்கக்கூடாது. இடுப்போடு அணைத்துத் தூக்கிப் போய் வேப்பமரத்தடியில் வைத்தான். பக்கத்தில் முக்காலி. அதன்மேல் ஃபோன், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டையும் அங்கேயே வைத்தான். பேட்டரி இல்லாத காருக்கு ரிமோட் எதற்கு?

"நன்னாரி கலக்கட்டுமா?" என்று உள்ளேயிருந்து நர்மதா கேட்டாள்.

"ம்."

செருப்பை வெளியே கழற்றிவிட்டு, இடது பின் கதவைத் திறந்து, முழங்காலை மடக்கி உள்ளே நுழைந்தான். சீட்டைத் தூக்கினான். தைல வாசனை இப்போது பழைய வாசனையாக இல்லை. சற்றுமுன் தேய்த்த மாதிரி, கண் எரிகிற மாதிரி இருந்தது. ஃபிலிம் ஒட்டின கண்ணாடி வழியே வெளிச்சம் காப்பிக் கஷாயம் போல் வடிந்தது. சீட்டின் ரெக்சின் தொட்டால் சுட்டது, ஆனால் போல்ட் சுடவில்லை. அதைச் சுற்றி ஒயரோடு ஒயராக ஏதோ சிக்கியிருந்தது. இழுத்தான். வெள்ளை முடி. ஒன்று, இரண்டு, ஒரு கொத்து. தாமிரக் கம்பியோடு முறுக்கி, அவன் முடுக்கினதைவிட இறுக்கமாக.

ஸ்பேனரை எடுக்கத் திரும்பினான். ஸ்பேனர் வெளியே, கதவுக்குக் கீழே, தரையில் கிடந்தது. கையை நீட்டினான்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அறையவில்லை. ஒரு பெரியவரை உட்கார வைத்துச் சாத்துகிற மாதிரி, பதவிசாக.

டக்.

நாலு கதவிலும்.

பேட்டரி மரத்தடியில் இருந்தது. அதை அவன்தான் தூக்கிப் போய் வைத்தான். ஃபிலிம் வழியே மங்கலாகத் தெரிந்தது.

கைப்பிடியை இழுத்தான். பின் கதவு, குழந்தைப் பூட்டு. சீட்டுகளுக்கு நடுவே புகுந்து முன்னால் போனான். முன் கைப்பிடி லொடலொடவென்று ஆடியது, எதையும் பிடிக்கவில்லை. மறுபக்கம். அதுவும். கண்ணாடியை முழங்கையால் இடித்தான். வெறுங்காலால் உதைத்தான். ஃபிலிம் ஒட்டின கண்ணாடி உறுமி உறுமி நின்றது. கத்தினான். ரோட்டில் சிமெண்டு லாரி ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று.

காற்று இல்லை. மூச்சு சூடாகப் போய் சூடாக வந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. காருக்குள் தண்ணீர் பாட்டில் தேடினான். இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

பின் கண்ணாடியில் ஃபிலிம் உரிய ஆரம்பித்தது. ஓரத்திலிருந்து, சுருள் சுருளாக. அடியில் நீல ரேகைகள். ஈரமாக.

டாஷ்போர்டு கடிகாரம் பேட்டரி இல்லாமல் எரிந்தது. 12:10.

ஹார்ன். வேறு வழியில்லை. இரண்டு கையாலும் அழுத்தினான். விடாமல் அழுத்தினான், ஒரேயடியாக அலறட்டும், வித்தியாசமாகக் கேட்கட்டும், யாராவது வரட்டும் என்று. ஹார்ன் அவன் சொல்லைக் கேட்கவில்லை. சின்னதாக ஒன்று அடித்தது. சின்னதாக ஒன்று. நீளமாக ஒன்று.

வேலிக்கு அந்தப் பக்கம் வைரக்கண்ணு சித்தப்பாவின் குரல். "ராசவேலு காரு அடிச்சாச்சு. தண்ணி கொண்டா."

வாசற்கதவு திறந்தது. நர்மதா. கையில் கண்ணாடி டம்ளர், விளிம்புவரை சர்பத், ஐஸ் மிதந்தது. காரைப் பார்த்தாள். நேராக அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அலறினான். அவள் பார்த்தது கறுப்புக் கண்ணாடியை. மரத்தடியைச் சுற்றிப் பார்த்தாள், வேலியோரம் பார்த்தாள், டம்ளரை முக்காலியில் ரிமோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எங்கம்மா அவன்?" என்றார் சித்தப்பா.

"தெரியல மாமா. போல்ட்டு கீல்ட்டு வாங்கக் கடைக்குப் போயிருப்பாரு."

"இதை நிறுத்தக் கூடாதா?"

"அலாரம் கோளாறு மாமா. தானா அடிக்கும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னதாக ஒன்று. சின்னதாக ஒன்று.

ராஜவேலின் விரல்கள் ஹார்னில் இருந்தன. வேர்வை நின்றுவிட்டது. தோல் காய்ந்து இழுத்தது. கண் மட்டும் முக்காலியை விட்டு நகரவில்லை.

மரத்தடியில் யாரும் இல்லை. நிழல் அசையவில்லை. டம்ளரில் விளிம்பில் நின்ற சர்பத் ஒரு விரற்கடை இறங்கியது. நின்றது. இன்னொரு விரற்கடை. அவசரமில்லாமல், மடக்கு மடக்காக. ஐஸ் கட்டி டம்ளரின் அடியில் வந்து உட்கார்ந்தது. வெளிக் கண்ணாடியில், வேர்த்திருந்த இடத்தில், நீலமாக ஒரு கட்டைவிரல் ரேகை.

பிறகு முக்காலியில் கிடந்த ரிமோட்டின் பூட்டுகிற பொத்தான், யாரோ ஒருவர் விரல் வைத்த மாதிரி, மெல்ல உள்ளே அமுங்கியது.

டக்.